குழம்பின் இனிமையும் வெங்காயப் பக்குவமும்

அறுசுவை என முன்னோர் வகுத்தவற்றுள் இனிப்பினை முதற்கண் வைத்து எண்ணுவது மரபு. பாயசத்திலும் பழத்திலும் அதனைக் காண்பது எளிது. உறைப்பும் புளிப்பும் உவர்ப்பும் மேலோங்கி நிற்கும் குழம்பில் அதனைக் காண்பது அத்துணை எளிதன்று. ஆயினும் நல்ல குழம்பொன்றைச் சோற்றுடன் பிசைந்து உண்பார், மிளகாயின் உறைப்புக்கும் புளியின் கூர்மைக்கும் அடியில் மெல்லியதோர் இனிமை இருந்து அவ்விரண்டையும் தாங்குவதை உணர்வர். அவ்வினிமை சீனியிட்டதனால் வந்ததன்று. பெரும்பாலும் வெங்காயம் தந்தது. ஆயின், ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய வெங்காயம் ஒரு வீட்டுக் குழம்பில் இனிக்கின்றது. அடுத்த வீட்டுக் குழம்பில் கசக்கின்றது. பொருள் ஒன்றாயிருக்கப் பயன் வேறாவது ஏன்? வெட்டுதல், அரைத்தல், அவித்தல், வதக்குதல் என்னும் பக்குவங்களுள் எது இனிமையைத் தருகின்றது, எது கெடுக்கின்றது? இவ்வினாக்களுக்கு விஞ்ஞானம் தரும் விடையை ஈண்டு ஆராய்வோம்.

வெங்காயம் விளையாத ஊர்

இரத்தினபுரியிலிருந்து பெல்மதுளை வழியாகப் பலாங்கொடைக்குச் செல்லும் பெருந்தெருவில் அமைந்துள்ளது ஓப்பநாயக்க. களனிவெளிப் புகையிரதப் பாதை 1912 ஆம் ஆண்டில் இரத்தினபுரியையும் 1919 ஆம் ஆண்டில் ஓப்பநாயக்கவையும் அடைந்தது. அவிசாவளைக்கு அப்பாற்பட்ட அதன் பகுதி 1970களில் கைவிடப்பட்டது. தேயிலையும் இறப்பரும் செழிக்கும் இப்பகுதியில் வெங்காயம் பயிராவதில்லை. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகின்றது. வெங்காயமோ முற்றுங்காலத்தில் உலர்ந்த நிலத்தையும் காய்ந்த காற்றையும் வேண்டுவது. ஆதலின், தோட்டத்து வீடுகளுக்கு வேண்டிய சின்ன வெங்காயம் யாழ்ப்பாணம், கற்பிட்டி முதலிய இடங்களிலிருந்தும், பெரிய வெங்காயம் தம்புள்ளை போன்ற உலர்வலயப் பகுதிகளிலிருந்தும் இந்தியாவிலிருந்துமே வந்து சேர்கின்றன.

பிற இடத்தில் விளைந்து வரும் பொருளின் விலை பிறர் கையில் உள்ளது. 2019, 2020, 2023 ஆகிய ஆண்டுகளில் இந்திய அரசு வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்தது. 2023 டிசம்பரில் விதித்த தடை 2024 மே மாதத்திலேயே நீங்கிற்று. அத்தகைய காலங்களில் இலங்கைச் சந்தையில் வெங்காய விலை உயர்ந்தபோது, நாட்கூலியை நம்பிய குடும்பங்கள் நான்கு வெங்காயம் இட்ட சட்டியில் இரண்டை இட நேர்ந்தது. இரண்டிலிருந்து நான்கின் பயனைப் பெறுதல் இயலாது. எனினும், அவ்விரண்டின் பயனையேனும் வீணாக்காது பெறுதல் இயலும். கொழுந்து பறித்துக் களைத்து மாலையில் திரும்பும் தாயொருத்திக்கு விறகும் நேரமும் வெங்காயத்தைப் போலவே அரியன. எனவே வெங்காயப் பக்குவத்தை அறிதல் வெறும் நாச்சுவை பற்றிய ஆராய்ச்சியன்று. இல்லறத்தின் சிக்கனம் பற்றியதுமாகும்.

இனிப்பும் அதனை மறைப்பதும்

வெங்காயம் தன் உணவை மாப்பொருளாகச் சேமிப்பதில்லை. உருளைக்கிழங்கும் மரவள்ளியும் மாப்பொருளைச் சேமிக்க, வெங்காயமோ இரசாயன நூல்கள் வெல்லங்கள் எனப் பொதுப்பெயரிடும் குளுக்கோசு, பிரற்றோசு, சுக்குரோசு ஆகியவற்றையும், பிரற்றோசு மூலக்கூறுகள் சங்கிலிபோற் கோக்கப்பட்ட பிரற்றான் என்னும் பொருளையும் சேமிக்கின்றது. பழங்களுக்கு இனிமை தருவனவற்றுள் பிரற்றோசு தலைமையானது. நாம் தேநீரில் இடும் சீனியே சுக்குரோசு. பெரிய வெங்காயம் 100 கிராமில் ஏறக்குறைய 89 கிராம் நீரும் 4 கிராம் வெல்லங்களும் உள்ளன. சின்ன வெங்காயத்தில் நீர் 80 கிராம் அளவே. வெல்லங்களோ 8 கிராமை அணுகும். சின்ன வெங்காயமிட்ட குழம்பு தனிச்சுவை உடையதென மூத்தோர் கூறுவது காரணமற்றதன்று.

இத்துணை இனிப்பிருந்தும் பச்சை வெங்காயத்தைக் கடித்தவுடன் நாக்கு உறைப்பையே உணர்கின்றது. கண்களும் நீர் சொரிகின்றன. இதன் காரணம் கந்தகம். வெங்காயத்தின் ஒவ்வொரு கலத்திலும் கந்தகம் சேர்ந்த பொருளொன்று ஓர் அறையிலும், அதனை உடைக்கவல்ல நொதியம் பிறிதோர் அறையிலும் தனித்தனியே உள்ளன. முழு வெங்காயத்தில் அவை ஒன்றையொன்று தீண்டா. ஆதலால் உரிக்காத வெங்காயத்துக்கு அதிக மணமில்லை. கத்தி பட்டுக் கலம் உடைந்ததும் இரண்டும் கலக்கின்றன. கணப்பொழுதில் உறைப்புப் பொருள்களும் கண்ணீர் வரவழைக்கும் ஆவியும் தோன்றுகின்றன. பின்லாந்து நாட்டவரும் 1945 ஆம் ஆண்டில் இரசாயனத்துக்கான நோபற் பரிசு பெற்றவருமாகிய ஆத்துரி விர்த்தனன், 1960களின் தொடக்கத்தில் இவ்வாவியின் இயல்பை ஆராய்ந்தார். அதனை ஆக்குவதற்கெனத் தனி நொதியமொன்று உண்டென யப்பானிய ஆராய்ச்சியாளர் 2002 ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இங்கே ஓர் உண்மை புலனாகும். உறைப்பான வெங்காயம் இனிப்புக் குறைந்ததன்று. அதன் இனிப்பு மறைக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் விளையும் விடாலியா வெங்காயம் இனிப்புக்குப் பேர்போனது. அப்பெயரைக் காப்பதற்கென அம்மாநிலம் 1986 ஆம் ஆண்டில் தனிச் சட்டமும் இயற்றிற்று. ஆயின், அதன் புகழுக்குக் காரணம் வெல்லத்தின் மிகுதியன்று. அந்நிலத்தில் கந்தகம் குறைவாயிருத்தலேயாகும். கந்தகம் குறைய உறைப்புக் குறைகின்றது; உறைப்புக் குறைய இனிப்பு வெளிப்படுகின்றது. நிலம் செய்யும் இவ்வேலையையே சமையற்காரர் அடுப்பில் செய்கின்றனர். வெங்காயப் பக்குவம் இனிப்பை ஆக்குவதன்று, அதன் திரையை விலக்குவது என்பதை மனத்திற் கொண்டால் ஏனையவை எளிதில் விளங்கும்.

வெட்டுதலும் அரைத்தலும்

எத்துணைக் கலங்கள் உடைகின்றனவோ அத்துணை உறைப்புப் பிறக்கும். எனவே வெட்டும் முறையே முதற் பக்குவமாகும். வேரடியிலிருந்து நுனிவரை நீளவாக்கில் அரிந்தால் உடையும் கலங்கள் குறைவு. துண்டுகள் உருக்குலையாது வேகும். குறுக்காக அரிந்தாலோ பொடியாகக் கொத்தினாலோ உடைவன பல. உறைப்பு மிகும், விரைவில் கரையும். மழுங்கிய கத்தி அரியாமல் நசுக்குவதால் அதுவும் உறைப்பை மிகுவிக்கும். அரிவோர் கண்ணீரைக் குறைக்க விரும்பின் கத்தியைத் தீட்டுதலே முதல் மருந்து.

அம்மியில் வைத்துப் பச்சையாக அரைப்பது இதன் எல்லை. அங்கே ஏறத்தாழ எல்லாக் கலங்களும் உடைகின்றன. அரைத்த விழுதைச் சிறிதுநேரம் வைத்திருந்தால் உறைப்புடன் கசப்பும் ஏறும். அதனை எண்ணெயில் இட்டதும் நீர் முழுவதும் ஒருங்கே வெளிப்பட்டுக் கொதிக்கும். நீர் வற்றும்வரை பச்சை வாசனை நீங்காது. நீர் வற்றியபின் விழுது சட்டியின் அடியில் பிடித்துக் கருகும். இவ்விடைவெளி மிகச் சிறிது. அவசரத்தில் அதனைத் தவறவிட்டவரின் குழம்பே கசக்கின்றது. கசப்பைக் கண்டு வெங்காயத்தைப் பழித்தல் முறையன்று. அரைத்தபின் காலந்தாழ்த்தியதையோ, தீயை மிகுத்ததையோ நினைத்தல் வேண்டும்.

எனினும் அரைத்தலுக்கு ஒரு சிறப்பு உண்டு. மாப்பொருள் இல்லாதபோதும் வெங்காயக் கலச்சுவர்களும் அவற்றைப் பிணைக்கும் பெத்தினும் குழம்பைத் தடிப்பாக்கும். தடிப்பும் வேண்டும், உறைப்பும் கசப்பும் வேண்டா என்பார் மேற்கொள்ளத்தக்க வழி ஒன்றுண்டு. முழு வெங்காயத்தையோ இரண்டாகப் பிளந்ததையோ முதலில் கொதிநீரில் அவித்து, பின்பு அரைத்தல் வேண்டும். கொதிக்கும் வெப்பம் நடுவரை ஊடுருவுகையில் நொதியம் செயலிழக்கின்றது. அதன்பின் கலங்களை எத்துணை உடைத்தாலும் உறைப்புப் பிறவாது. முந்திய முறையில் அரைத்தபின் வெப்பம். இம்முறையில் வெப்பத்தின்பின் அரைத்தல். வரிசையை மாற்றிய மாத்திரத்தில் ஒரே வெங்காயம் வேறு பண்டமாகிவிடுகின்றது. அவித்த நீரில் வெல்லங்கள் ஓரளவு கரைந்திருத்தலின் அதனைக் கொட்டிவிடாது குழம்பிலேயே சேர்த்தல் வேண்டும்.

இம்முறை பெருவழக்காயிருப்பது பிரித்தானியாவின் கறி உணவகங்களில் எனலாம். இலண்டனில் 1810 ஆம் ஆண்டில் சேக் தீன் மகமது என்பார் இந்திய உணவகம் ஒன்றைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அந்நாட்டில் பெருகிய கறி உணவகங்களுட் பலவற்றை நடத்தியோர், இன்றைய வங்காளதேசத்தின் சில்கெட் பகுதியினர். விருந்தினர் கேட்ட கறியைச் சில நிமிடங்களில் படைக்க வேண்டியிருந்தமையால், அவர்கள் பெரும்பாத்திரத்தில் வெங்காயத்தைச் சிறிது எண்ணெயும் வாசனைப் பொருள்களும் கூட்டி நெடுநேரம் அவித்து, அரைத்து, அடிக்குழம்பாக ஆயத்தம் செய்துகொண்டனர். பின்னர் எந்தக் கறியாயினும் அதனை இரண்டகப்பை விட்டுத் தாளித்து முடிப்பர். உறைப்பு நீங்கிய அவித்த வெங்காயம் தரும் மெல்லிய இனிமையே அவ்வுணவகக் கறிகளுக்கெல்லாம் பொதுவான சுவையாயிற்று.

வதக்குதலும் பொரித்தலும்

அரிந்த வெங்காயத்தை எண்ணெயில் இட்டு மெல்லிய தீயில் வதக்கும்போது இரண்டு செயல்கள் நிகழ்கின்றன. வெப்பம் நொதியத்தை அடக்கி, உறைப்புப் பொருள்களை ஆவியாக்குதலும் வேறாக மாற்றுதலும் ஒன்று; நீரை வற்றச் செய்தல் மற்றொன்று. இரண்டாவதன் பயனைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. பெரிய வெங்காயம் 1 கிலோகிராமில் வெல்லங்கள் ஏறக்குறைய 40 கிராம். அதனை 300 கிராமாகும்வரை நிறம் மாறாது வற்றவிட்டால், அந்த 40 கிராமும் அதனுள்ளேயே நிற்கும். நூற்றுக்கு 4 ஆக இருந்தது 13 ஆகிவிடும். இது பழுத்த மாம்பழத்தின் அளவை ஒத்தது. வதக்கிய வெங்காயத்தைத் தனியே எடுத்துச் சுவைப்பார் அதன் இனிப்பைக் கண்டு வியப்பதன் காரணம் இதுவே.

நீர் பெரும்பாலும் வற்றும்வரை சட்டியின் வெப்பம் 100 பாகை செல்சியசைச் சார்ந்தே நிற்கும். அதன்பின் வெப்பம் விரைந்தேற, வெங்காயம் பொன்னிறமும் பின் செந்நிறமும் கொள்கின்றது. வெல்லங்களும் அமினோ அமிலங்களும் வினைப்பட்டு நிறமும் மணமும் பிறப்பிக்கும் இந்நிகழ்ச்சியைப் பிரெஞ்சு அறிஞர் லூயி கமீல் மயார் 1912 ஆம் ஆண்டில் விளக்கினார். வெப்பம் இன்னும் ஏற, வெல்லங்கள் தாமே சிதைந்து பாகின் மணம் கொள்ளும். மக்கள் பெரும்பாலும் தவறாக எண்ணுமிடம் இதுவாகும். வெங்காயம் சிவக்கச் சிவக்க இனிப்பு ஏறும் என்பர். உண்மையில், சிவத்தற்குச் செலவாகும் பொருளே வெல்லம். சிவக்குந்தோறும் மணமும் ஆழமும் நிறமும் ஏறுகின்றன. இனிப்போ குறையத் தொடங்குகின்றது. எல்லை கடந்தால் கசப்பாக முடிகின்றது.

குழம்பைப் பொறுத்தமட்டில் மேலும் ஒரு நுட்பம் உண்டு. நீரை வற்றச்செய்து செறிவித்த வெங்காயத்தின்மேல் மீண்டும் நீரோ தேங்காய்ப்பாலோ வார்க்கின்றோம். வற்றியதனாற் பெற்ற செறிவு அக்கணமே கலைந்துவிடுகின்றது. ஆதலின், குழம்பின் இனிமையைத் தீர்மானிப்பன இரண்டே: சட்டியில் இட்ட வெங்காயத்தின் மொத்த வெல்லம் எவ்வளவு, அதனை மறைக்கும் உறைப்பும் கசப்பும் எவ்வளவு நீங்கின. இவ்விரண்டையும் நோக்குமிடத்து, இனிமையே வேண்டுவார்க்கு நிறம் மாறுமுன் கண்ணாடிபோலத் தெளியும்வரை வதக்கியதும், அவித்து அரைத்ததுமே சிறந்தன. இறைச்சிக் கறிக்குரிய மணமும் நிறமும் வேண்டுவார் பொன்னிறத்துக்கு வதக்குக. இரண்டும் வேண்டுவார், ஒரு பகுதியை வதக்கியும் மறுபகுதியைப் பொரித்தும் சேர்ப்பராக. இருமுறை வெங்காயம் எனப் பொருள்படும் தோப்பியாசா என்னும் வட இந்தியக் கறியின் பெயர், அக்பர் காலத்து நூலாகிய அயினி அக்பரியிலேயே காணப்படுகின்றது.

இலங்கையரின் சீனிச்சம்பல் இதற்கு மறுதலையான சான்று. அங்கே வெங்காயத்தின்மேல் நீர் வார்ப்பதில்லை. மெல்லிய தீயில் நெடுநேரம் வதங்கிச் செறிந்த வெங்காயத்தின் இனிப்பு அப்படியே நிற்கின்றது. இறுதியில் சேர்க்கும் சீனி அதனை மிகுவிக்கின்றது. ஆகவே சம்பலுக்குப் பொருந்தும் நெடிய வதக்கல் குழம்புக்கும் இன்றியமையாததென எண்ணுதல் தவறு. நீரிழிவு நோயாளர் குழம்பிலுள்ள வதக்கிய வெங்காயத்தைக் கண்டு அஞ்சுவதற்கும் காரணமில்லை. ஒருவர் பங்குக்கு 50 கிராம் வெங்காயமெனின் வெல்லம் 2 கிராம் அளவே; அது வதக்குவதனாற் பெருகுவதில்லை. சீனி சேர்ந்த சம்பலின் கணக்கோ வேறு.

உப்பு, புளி, பால்

வெங்காயம் சட்டியில் விழுந்தவுடன் சிறிது உப்பிட்டால் கலங்களிலுள்ள நீர் வெளிப்பட்டு, வெங்காயம் விரைவில் துவளும், அடிப்பிடிப்பதும் குறையும். மேலும் உப்பு நாவிற் கசப்பை அடக்கி இனிப்பை எடுத்துக்காட்டும். புளியின் செயல் இதற்கு மாறானது. பெத்தின் புளிப்பில் இறுகுமாதலின், பழப்புளியோ கொறக்காய்ப் புளியோ தக்காளியோ முன்னரே சேர்ந்தால் வெங்காயம் எளிதிற் குழையாது. அன்றியும் புளிப்பு இனிப்பை மறைக்கும். எனவே வெங்காயம் நன்கு வெந்தபின் புளி சேர்ப்பதே முறை. சிலர் விரைவில் சிவக்கும்பொருட்டு அப்பச்சோடாவை ஒரு சிட்டிகை இடுவர். அது சிவப்பிக்கும் என்பது உண்மையே. ஆயின் மிகுந்தால் வெங்காயத்தைக் கூழாக்கிச் சவர்க்காரச் சுவையை விட்டுச்செல்லும்.

தேங்காய்ப்பாலிலும் வரிசை உண்டு. மெல்லிய இரண்டாம் பாலில் வெங்காயத்தை வேகவைத்து, கட்டியான முதற்பாலை இறக்குமுன் சேர்ப்பது நம்மவர் வழக்கம். வெங்காயத்தை எண்ணெயில் வதக்காமலே பாலில் அவிக்கும் பாற்கறியும் சொதியும் மெல்லிய இனிமையுடையனவாதல் அனைவரும் அறிந்ததே. முன்னர்க் கூறிய அவித்தல் முறையின் பயனே அது. வெங்காயம் தவிர்க்கும் விரத நாளிற் சமைப்பாரும் இவ்வுண்மையை அறியாமலே அறிந்திருக்கின்றனர். அன்று பூசணிக்காயும் தேங்காய்ப்பாலும் சாம்பாரிலும் கறியிலும் சிறப்பிடம் பெறுதல், வெங்காயம் விட்டுச்சென்ற இனிமையின் இடத்தை நிரப்புதற்பொருட்டே போலும்.

வெங்காயத்தை வைத்திருக்கும் முறையும் கருதத்தக்கது. ஈரக்காற்று மிகுந்த சப்பிரகமுவையில் மூடிய பையிற் கிடக்கும் வெங்காயம் விரைவில் முளைக்கும் அல்லது அழுகும். முளைவிடும் வெங்காயம் தன் வெல்லத்தைத் தளிருக்கே செலவிடுகின்றது. பிடியாகக் கட்டிக் காற்றோட்டமுள்ள இடத்தில் தொங்கவிடும் பழைய வழக்கம், வெங்காயத்துடன் அதன் இனிப்பையும் காப்பதாகும்.

அடுப்பங்கரையும் ஆய்கூடமும்

மேற்கூறியவற்றால், வேலை முடிந்து திரும்பும் இல்லத்தரசிக்கு உகந்த வழி யாதெனத் துணியலாம். வெங்காயத்தை நீளவாக்கில் அரிந்து, சிறிது எண்ணெயும் உப்பும் இட்டு, மெல்லிய தீயில் மூடிவைத்தால் தன் நீரிலேயே அது வெந்து தெளியும். அதற்குமுன் சிவக்கவேண்டுமென விறகை வீணாக்குதல் வேண்டா. தடிப்பான குழம்பு வேண்டின், பருப்பு அவியும் பாத்திரத்திலேயே முழு வெங்காயத்தையும் இட்டு அவித்து, பின் மசித்துக்கொள்ளலாம். அதற்கெனத் தனி விறகும் வேண்டியதில்லை.

இதனைப் பாடசாலை மாணவர் தாமே சோதித்தறியலாம். ஒரே நிறையுள்ள வெங்காயத்தை மூன்று கூறாக்குக. ஒன்றை அரிந்து மெல்ல வதக்குக. ஒன்றைப் பச்சையாக அரைத்து வதக்குக. ஒன்றை முழுதாக அவித்து அரைக்குக. மூன்றிலும் ஒரே அளவு நீரும் உப்பும் சேர்த்து, எது எதுவெனத் தெரியாத ஒருவரைச் சுவைக்கச் செய்க. ஒன்றைத் தவிர ஏனைய நிபந்தனைகளை மாறாது வைத்தல் என்னும் விஞ்ஞானத்தின் தலையாய விதியை விளக்க இதனினும் மலிவான சோதனை அரிது. கண்ணாடிக் குழாயும் வாயு விளக்கும் இல்லாத தோட்டத்துப் பாடசாலையிலும் மூன்று சட்டிகள் இல்லாமற் போகா.

அம்மியடியிலும் அடுப்படியிலும் நின்ற மூதாட்டியர் நொதியம் என்ற சொல்லைக் கேட்டறியார். கந்தகத்தின் இயல்பையும் அறியார். ஆயினும் புளியைப் பின்னரே விடு, தீயைத் தணித்து வை, அரைத்ததை உடனே சட்டியிலிடு என்று அவர்கள் பெண்மக்களுக்குக் கற்பித்தவை ஆய்கூடத்திற் பிழையாகவில்லை. அவர்கள் கைகண்ட உண்மைக்குக் காரணம் கூறுவதே விஞ்ஞானம் இங்குச் செய்த பணியாகும். காரணம் அறிந்த மாணவன் அன்னையின் அறிவை அறியாமையென இகழான். கல்வி அவனுக்குத் தரும் பயன்களுள் அதுவும் ஒன்றாகுக.